கலர் பிரிண்டரும் பூசைக் கடலையும்

எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் பெட்டியைப் பிரிக்கக்கூட அங்கே ஆள் இல்லை. கம்பெனி கொழும்பிலிருந்து லொறியில் அனுப்பிய அட்டைப் பெட்டிகளைப் பெரிய கிளாக்கர் அலுமாரிக்குப் பக்கத்தில் அடுக்கி, மேலே பழைய மேசைவிரிப்பு ஒன்றைப் போர்த்தி, பொட்டு வைக்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு பிறகு வைத்தார். அந்தக் கதைதான் இது.

நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரின் மகள். யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் மலையில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கடைசிக் காம்பிரா, ஒற்றை அறை, எங்களுடையது. நான் கேகாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள் என்று யாரோ தோட்டத்து மேனேஜரான துரையின் காதில் போட்டிருக்கிறார்கள். துரை சிங்களவர், இளவயது, எதற்கும் அவசரம். ஒருநாள் கூப்பிட்டனுப்பி, "மே மெஷின் எக்கே வெட கரன்ன புளுவந்த?" என்று கேட்டார். இந்த மெஷினில் வேலை செய்ய முடியுமா என்று அர்த்தம். "புளுவன் சேர்" என்றேன். அவ்வளவுதான் எனக்கு நடந்த நேர்முகப் பரீட்சை.

லயத்து ஆட்களுக்கு ஆபீஸ் என்றால் ஒரு ஜன்னல். மழையோ வெயிலோ வெளியே நின்று, கம்பிக்கு நேரே முகத்தைக் காட்டி, "ஐயா" என்று கூப்பிட வேண்டும். உள்ளே இருக்கிறவருக்கு மனம் வந்தால் திரும்புவார். எங்கள் லயத்திலிருந்து கதவு வழியாக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். ஆனால் தற்காலிகமாக. "கம்பெனி டிரெக்டர் வரப்போறார். அவருக்குக் காட்டுற படமெல்லாம் ஒழுங்கா வந்தா உன்னைய ஸ்டாஃப் ஆக்குறது" என்று துரை தன்னுடைய உடைந்த தமிழில் சொல்லியிருந்தார். ஸ்டாஃப் என்றால் இனி ஒருநாளும் அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை அப்போது எதுவும் இருக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் ஆபீசில் பூசாரி, பெரிய கிளாக்கர்.

அவரும் தமிழர்தான். பஜாரில் குடும்பத்துக்குக் கடை இருந்தது. நெற்றி நிறைய விபூதி பூசுவார், வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடமாட்டார், மற்ற எல்லாப் பாவமும் செய்வார். அவருடைய மகளும் நான் படித்த அதே வகுப்பில் படித்தவள். அந்த நாற்காலி அவளுக்கென்று அவர் மனதில் எப்போதோ முடிவாகிவிட்டது. அதில் லயத்துக் குட்டியொன்று வந்து குந்தினால் எப்படிப் பொறுப்பார்? எனக்கு மட்டும் காது உடைந்த கோப்பையில் தேத்தண்ணி வரும்படி பார்த்துக்கொண்டார். துரை முன்னால் "மகள்" என்பார். துரை அந்தப் பக்கம் போனதும் "ஏய்" என்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுங்களேன் ஐயா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "லயத்துல ஒங்க எல்லாருக்கும் ஒரே பேரு தானே" என்றார்.

ஆபீசில் இரண்டு பிரிண்டர்கள். ஒன்று, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி சத்தம் போடும் பழைய மெஷின். ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில் பெயர்ப்பட்டியல், சம்பளக் கணக்கு எல்லாம் அதில்தான் வரும். மற்றது கலர் மெஷின். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் தட்டில் தாளை வைத்தால், மேலிருந்து கீழே இழுத்து முன்பக்கம் தள்ளும். அந்தத் தட்டு, வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி இருக்கும். மை விலை அதிகம் என்பதால் துரையின் படங்களுக்கு மட்டும்தான் அதைத் தொடுவோம்.

அந்த வருஷ சரஸ்வதி பூசைக்குப் பெரிய கிளாக்கர் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டார். வழக்கமாகத் தராசு, முத்திரை, பேனா, தட்டச்சு மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டுவார். இந்தத் தடவை மொனிட்டருக்கு நடு நெற்றியில் பொட்டு. மவுசுக்குப் பொட்டு. கலர் பிரிண்டருக்கு மாலை. நான் உள்ளே போகப் பார்த்தேன். "குளிச்சியா? லயத்துல என்னத்த குளிக்கிறது, நீ வெளியில நில்லு" என்றார். விடியற்காலையில் மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் நடுங்க நடுங்கத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவள் நான். வாசற்படிக்கு வெளியே நின்றேன். தினமும் நான் தொட்டு வேலை செய்யும் மெஷினுக்கு நடக்கிற பூசையை எட்டி நின்று பார்த்தேன்.

தீபம் காட்டி முடிந்ததும் அவலும் பொரியும் கடலையும் சர்க்கரையும் கலந்த தட்டிலிருந்து, குங்குமம் படிந்த கை நிறைய அள்ளி, எல்லா மெஷின் மேலும் தூவினார். "ஐயா, பிரிண்டர் மேல போடாதீங்க, உள்ள போயிரும்" என்று வாசலிலிருந்தே கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "சாமிக்கு நீ சொல்லிக்குடுக்கப் போறியா?" என்று கேட்டு, இன்னொரு கை அள்ளி, சரியாக அந்தத் தட்டுக்குள்ளேயே போட்டார். அடுத்த நாள் விஜயதசமி வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது என்றும் உத்தரவு.

எனக்கும் பிரசாதம் கிடைத்தது. கை படாமல், உயரத்திலிருந்து ஒரு தாள் சுருளுக்குள் கொட்டினார். நான் அதில் ஒரு பொரியைக்கூட வாயில் போடவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். மலையால் இறங்கி வந்த களைப்பில், அப்பா வெறும் தேத்தண்ணியோடு ஒன்று விடாமல் தின்றார். சுருளைத் தட்டி, ஒட்டியிருந்த சர்க்கரையையும் நக்கினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விஜயதசமி கழிந்து நான் தூரிகையால் மெஷின்களைச் சுத்தம் செய்தேன். பிரிண்டரைத் தலைகீழாகத் தூக்கி உதறினேன். பொரி விழுந்தது, அவல் விழுந்தது. எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

டிரெக்டர் வரும் நாள், காலையில் துரை ஒரு சீடியைக் கொண்டுவந்து கொடுத்தார். கொழும்பில் யாரோ செய்து கொடுத்த படங்கள். தோட்டத்தின் விளைச்சல், புதுக்கன்று நட்ட மலை, ரப்பர் பால் ஸ்டோர், அடுத்த வருஷத் திட்டம். சுவரில் காட்டுவதற்கு மெஷின் இல்லாததால், தாளில் எடுத்துக் கோர்த்து டிரெக்டர் கையில் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு ஜீப் வரும் என்றார் துரை. அதற்குள் முடிந்தால் எனக்கு நாற்காலி.

வெளியே அப்பா ஆபீஸ் வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். டிரெக்டர் வருகிறார் என்று ரப்பர் மலையிலிருந்து சிலரை இறக்கி வாசலைத் துப்புரவாக்க விட்டிருந்தார்கள். நான் நாற்காலியில் இருப்பதை அப்பா ஜன்னல் வழியாக அடிக்கடி எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

பிரிண்ட் என்று கொடுத்தேன். கலர் மெஷின் அசையவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய மெஷின் அலறத் தொடங்கியது. சம்பளத் தாளில் ஒரு ரப்பர் மரத்தைக் கோடு கோடாக, கறுகறுவென்று குத்தித் தள்ளியது. பெரிய கிளாக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காரணம் சாதாரணமானது. முந்தின நாள் சம்பளக் கணக்கு எடுத்திருந்ததால், கம்ப்யூட்டர் எதையும் பழைய மெஷினுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, கலர் மெஷினைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் படம் வந்தது. படம் முழுக்கக் கரும்பச்சைப் பின்னணி. தாள் மையில் ஊறி, கடைந்த கீரை மாதிரி கையில் ஒட்டியது. இப்படி நாலு தாள் எடுத்தால் மை தீர்ந்துவிடும். பின்னணியை விட்டுவிட்டு எழுத்தையும் படத்தையும் மட்டும் எடுக்கும்படி மாற்றினேன். ஆனால் தாள்கள் இரட்டை இரட்டையாக ஒட்டிக்கொண்டு இறங்கின. எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் உப்பு கரையும், தீப்பெட்டி நமத்துப்போகும், தாளும் ஈரம் குடிக்கும். தாளை விசிறிப் பிரித்து மேசை விளக்கின் சூட்டில் காட்டினேன்.

நான் விளக்கடியில் நிற்கும்போது பெரிய கிளாக்கர் என் நாற்காலியில் உட்கார்ந்து, பிரிண்ட் பொத்தானை டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தார். "வரலியே, வரலியே" என்று சொல்லிச் சொல்லி அழுத்தினார். நான் திரும்பி வருவதற்குள், ஒரே படம் வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரியாதவர் கூடத்தையே இடித்துக்கொண்டிருந்தார். "எழும்புங்க ஐயா" என்றேன். நான் சொன்ன விதத்தில் பணிவு குறைந்திருக்கலாம். எழும்பினார், ஆனால் அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வரிசையில் நின்ற எல்லாவற்றையும் அழித்து, இரண்டு மெஷினையும் நிறுத்தி, மறுபடியும் போட்டேன்.

இப்போது தாள் இறங்கியது. பாதியில் ஒருபக்கம் சாய்ந்து, கசங்கி, கிழிந்து நின்றது. சிவப்பு விளக்கு மினுங்கியது. மூடியைத் திறந்து கிழிசலை இழுத்தெடுத்தேன். மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அதே பக்கம் சாய்ந்தது. உள்ளே தாள் சிக்கியிருக்கிறது என்று திரை சொல்கிறது. எட்டிப் பார்த்தால் உள்ளே தாளே இல்லை. துரை வந்து தலைக்கு மேல் நின்றுகொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "மெஷின ஒடைச்சிட்டா சேர்" என்று பெரிய கிளாக்கர் சிங்களத்தில் மெதுவாகப் போட்டுக்கொடுத்தார்.

நான் கொண்டையிலிருந்து ஊசியைக் கழற்றினேன். பின்தட்டின் அடியில், தாளை இழுக்கும் ரப்பர் உருளைக்குப் பக்கத்தில் விட்டுத் துழாவினேன். எதுவோ கல் மாதிரி தட்டுப்பட்டது. நெம்பினேன். மேசையில் டொக்கென்று விழுந்து உருண்டது, ஒரு கடலை. ஒருபக்கம் உருளையில் தேய்ந்து பளபளத்தது. மறுபக்கம் குங்குமம்.

அந்தக் கடலையை நான் அப்படியே வாயில் போட்டு விழுங்கியிருக்க வேண்டும். துரை முன்னால் அதை விரலில் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். கெட்டிக்காரி என்று சொல்லுவார் என நினைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

"மொகத மே?" என்றார் துரை. இது என்ன என்று.

நான் வாய் திறக்க முதல் பெரிய கிளாக்கர் முந்திக்கொண்டார். "இந்த லயத்து ஆளுங்க இப்பிடித்தான் சேர். மெஷினுக்கு மேலயே வச்சித் தின்னுறது. நான் எத்தன தடவ சொல்லிட்டேன்" என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். எனக்கும் சிங்களம் தெரியும். "சேர், இதில் குங்குமம் இருக்கு, பாருங்க. பூசையன்று ஐயா மெஷின் மேல தூவினது. நான் அப்போவே வேண்டாம்னு சொன்னேன்" என்றேன். துரை கடலையைப் பார்த்தார், கிளாக்கரைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் சிரித்தார். "பூசைப் பொரியைக் குடுத்தா கொண்டுபோய் வீட்டுல திங்கணும். இவ இங்கயே குந்திக்கிட்டு தின்னா. வேணும்னா இவ அப்பன் வெளியில தான் நிக்கிறான், கேளுங்க" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அப்பாவுக்குத் தெரியுமே. அந்தச் சுருளைத் தட்டித் தின்றவரே அவர்தானே!

பெரிய கிளாக்கர் ஜன்னலுக்குப் போனார். "அடேய், இங்க வா" என்றார். அப்பா புல்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். பெரிய கிளாக்கர் விஷயத்துக்கு நேரே வரவில்லை. "ஒன் காம்பிராவுக்குக் கூரைத் தகரம் கேட்டு ரொம்ப நாளா நிக்கிறியே, இன்னும் ஒழுகுதா?" என்று தமிழில் அன்பாக விசாரித்தார்.

"ஒழுகுதுங்க ஐயா" என்றார் அப்பா.

"பாத்துச் செய்வோம். இப்ப தொரை ஒன்னு கேக்குறாரு, உள்ளத சொல்லு."

துரை ஜன்னலுக்கு வந்து, "உன் பொண்ணு ஆபீஸ்ல பொரி தின்னுறதா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பெரிய கிளாக்கரைப் பார்த்தார். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார். அப்பா இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். "ஆமாங்க தொரைங்களே. சின்ன வயசுல இருந்தே அவ பசி தாங்க மாட்டாங்க. மன்னிச்சிக்கிடுங்க" என்றார்.

துரை "ஹரி, ஹரி" என்று, சரி சரி என்கிற மாதிரி, கையை உதறிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு யார் தின்றார்கள் என்பதா கவலை? படம் வந்தால் போதும். நான் தாளை வைத்தேன். பிரிண்டர் ஒரு குறையுமில்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக எல்லாப் படத்தையும் இழுத்துத் தள்ளியது. வரிசை பார்த்து அடுக்கிக் கோர்த்தேன். ஜீப் சத்தம் கேட்கும்போது கட்டு துரையின் கையில் இருந்தது. டிரெக்டர் வந்தார், மாலை போட்டுக்கொண்டார், கட்டை ஒருமுறை விரலால் விசிறிவிட்டு மேசையில் வைத்தார். அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். போகும்போது அதை எடுத்துப் போகவும் இல்லை.

அன்றைக்கே பெரிய கிளாக்கர் என்னிடம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். துரைதான் சொல்லச் சொன்னார் என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கிறவளுக்கு அதெல்லாம் சொல்லமாட்டார்கள். அடுத்த வாரமே அவருடைய மகள் அந்த நாற்காலிக்கு வந்தாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு நல்ல கோப்பையில் தேத்தண்ணி போயிருக்கும்.

மலைப்பாதையில் ஏறும்போது அப்பா முன்னால் போனார், நான் பின்னால். குருசடிக் கோயில் திருப்பத்தில் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏம்பா அப்பிடிச் சொன்னீங்க? அந்தப் பொரிய தின்னது நீங்க."

"தெரியும் தாயி. தெரிஞ்சிதான் சொன்னேன்."

"என் வேலை போச்சிப்பா."

அப்பா நின்று திரும்பினார். "வேலை ஒனக்குத்தான் போச்சி. காம்பிரா நம்ம எல்லாருக்கும் வேணும்" என்றார். மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.

தகரம் வந்தது. ஆபீஸ் ஆளே தூக்கிக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போனான். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். அன்றைக்கு அடித்த மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. தம்பியும் தங்கையும் பாத்திரம் வைக்கத் தேவையில்லாமல் நீட்டி நிமிர்ந்து படுத்தார்கள். நான் மட்டும் அந்தத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அப்பா சாக வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக நான் வருத்தப்படவில்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இப்போது கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கென்று சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. கோல் எடுக்கலாம், போட்டோ கொப்பி எடுக்கலாம், டைப் அடித்துப் பிரிண்ட் எடுக்கலாம். ஜன்னல் கிடையாது. முன்பக்கம் முழுக்கத் திறந்தபடி இருக்கும், யார் வந்தாலும் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரலாம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, என்னோடுதான் இருக்கிறார். காலையில் வந்து கடை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரோடு பேசிக்கொண்டிருப்பார். நான்தான் சோறு போடுகிறேன், மருந்து வாங்கிக் கொடுக்கிறேன். மன்னித்ததால் அல்ல. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், தம்பியும் தங்கையும் எங்கோ தூரத்தில், பார்க்க வேறு யாரும் இல்லாததால்.

போன மாதம் ஒரு டீச்சர், பள்ளிக்கூடக் கருத்தரங்குக்குப் படங்கள் எடுக்க வந்தார். முதல் தாளே சாய்ந்து கசங்கி நின்றது. நான் மூடியைத் திறந்தேன். வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "உள்ள பொரி இருக்கான்னு பாரு."

டீச்சர் விளங்காமல் திரும்பிப் பார்த்தார். அப்பாவுக்கு ஆள் கிடைத்தால் போதுமே. "இவ மொத மொத தோட்டத்து ஆபீசுல வேலைக்குப் போனா டீச்சர். மெஷின் மேல வச்சி பொரிய தின்னு, கடலை உள்ள விழுந்து, அந்த வேலையையே தொலைச்சவ" என்று பொக்கைவாயால் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இந்தக் கதையை அவர் எல்லோருக்கும் சொல்வார். நான் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை. அன்றைக்கு என்னவோ, கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொரிய யாருப்பா தின்னது?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே தேடுகிறவர் போல ரோட்டைப் பார்த்தபடி யோசித்தார். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"நீதான் தாயி" என்றார். "சின்ன வயசுல இருந்தே நீ பசி தாங்க மாட்டியே."

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன், கடைக்கு வந்தவர் முன்னால் வேறென்ன செய்வது. கசங்கிய தாளை இழுத்தெடுத்துவிட்டு, அவருடைய முதல் படத்தை மறுபடியும் பிரிண்டுக்குக் கொடுத்தேன்.